சுங்கை சிப்புட் பண்டல் கடையும் பெர்கன் நகரத்து மழையும்: ஒரு பருவம் உடுத்திய பிறகு எழுதும் மதிப்பீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டின் பெரிய சாலையை ஒட்டிய பழைய கடை வரிசையில், ஒரு மருந்துக் கடைக்கும் சீனர் ஒருவரின் காப்பிக் கடைக்கும் நடுவே உள்ள பண்டல் கடையில் (மூட்டையாக வரும் பழைய துணிகளை விற்கும் கடை), 2024 ஜூலை மாதம் 142 ரிங்கிட்டுக்குக் குளிர்கால உடைகள் வாங்கினேன். அந்த உடைகளோடு நார்வே நாட்டின் பெர்கன் நகருக்குச் சென்று, ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை ஒரு பருவம் பரிமாற்ற மாணவனாகப் படித்துத் திரும்பியிருக்கிறேன். வாங்கிய அன்றே இந்த மதிப்பீட்டை எழுதியிருந்தால், எதை மிகவும் புகழ்ந்திருப்பேனோ அது பாதிப் பருவத்திலேயே பயனற்றுப் போனது. எதைப் பெட்டியில் இடம் இருக்கிறதே என்று கடைசியாகத் திணித்தேனோ அதுதான் என்னைக் காப்பாற்றியது. ஆகவே, நம் வட்டாரத் தோட்டங்களிலிருந்து ஸ்காண்டிநேவிய நாடுகளுக்குப் படிக்கச் செல்லவிருக்கும் தம்பி தங்கைகளுக்குப் பயன்படட்டும் என்று ஒவ்வொரு பொருளாக எழுதுகிறேன்.

முதலில், ஒரு மாணவன் ஏன் பண்டல் கடைக்குப் போகிறான் என்பதைச் சொல்லிவிட வேண்டும். நார்வேயின் அரசுப் பல்கலைக்கழகங்கள் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்துக்கும் வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 2023 முதல் கல்விக் கட்டணம் வாங்குகின்றன. ஆனால், இரு பல்கலைக்கழகங்களுக்கிடையே உள்ள ஒப்பந்தத்தின்படி பரிமாற்ற மாணவராகச் செல்வோருக்கு அந்தக் கட்டணம் இல்லை. இதைக் கேட்டு எங்கள் வீட்டில் எல்லாரும் செலவே இல்லை என்று மகிழ்ந்தோம். பிறகுதான் குடியிருப்பு அனுமதிக்காக அங்கே தங்கும் காலத்துக்குப் போதுமான பணம் இருப்பதைக் காட்ட வேண்டும் என்பதும், விமானச் சீட்டு, அறை வாடகை, காப்புறுதி என்று ஒவ்வொன்றாக வரிசைகட்டும் என்பதும் தெரிந்தன. உதவித்தொகையும், அம்மா பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிச் சேர்த்த பணமும், மாமா கொடுத்த கடனும் அவற்றுக்கே சரியாகப் போயின. உடைக்கென்று மிஞ்சியது 200 ரிங்கிட்டுக்கும் குறைவு. கோலாலம்பூரின் பேரங்காடி ஒன்றில் குளிர்கால மேலங்கியின் விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு, தொட்ட அங்கியை அப்படியே மாட்டிவிட்டு வெளியே வந்தேன். அந்த ஓர் அங்கிக்கு என் மொத்தப் பணமும் போதாது.

கடையைப் பற்றிச் சொல்கிறேன். அகலம் குறைந்த, நீளமான கடை. வாசலில் சட்டைகளும் கால்சட்டைகளும் தொங்கும். ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் மூட்டையாக வரும் பழைய துணிகளில் நம் ஊர் வெயிலுக்கு ஏற்றவை மட்டுமே முன்னால் வரும் என்பதால், குளிர்கால உடைகள் கடையின் கடைசியில், மாடிப்படிக்குக் கீழே, இரண்டு கம்பிகளில் நெருக்கியடித்துத் தொங்குகின்றன. அங்கே விளக்கு மங்கல். கண்ணாடி கிடையாது. பாச்சை உருண்டையின் நெடி தலையைச் சுற்ற வைக்கும். கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டுதான் துணிகளைப் பார்க்க முடிந்தது. இவை குறைகள்தாம். ஆயினும், நம் ஊரில் யாரும் தேடாத பொருள் என்பதாலேயே அவற்றின் விலை இவ்வளவு குறைவாக இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. கம்பளிச் சட்டை ஒன்று 10 ரிங்கிட். முழங்கால்வரை வரும் கம்பளி மேலங்கி 35 ரிங்கிட். இறகுத் தூவி அடைத்த குளிர் ஜாக்கெட் 40 ரிங்கிட். மூன்று சட்டைகள், மேலங்கி, ஜாக்கெட், கழுத்துத் துண்டு, கையுறை, தொப்பி, ஒரு சோடிக் காலணி ஆகியவற்றுக்குத்தான் மொத்தம் 142 ரிங்கிட்.

கடையை நடத்தும் அக்கா கேட்ட முதல் கேள்வி இன்றும் நினைவில் இருக்கிறது. வெளிநாட்டுக்குப் போகிறேன் என்றதும், "எந்த ஊருக்கு, தம்பி? அங்கே பனி கொட்டுமா, மழை கொட்டுமா?" என்று கேட்டார். நார்வே என்றால் பனிதான் என்று சட்டென்று பதில் சொன்னேன். அவருக்கு அந்தப் பதில் போதவில்லை. கனடாவுக்குப் போன ஒரு பெண்ணும் ஜெர்மனிக்குப் போன ஒரு பையனும் தம்மிடம் வாங்கிச் சென்றதையும், அவர்களில் ஒருவருக்குத் தாம் கொடுத்த அங்கி உதவவில்லை என்று பிறகு கேள்விப்பட்டதையும் சொல்லி, ஊரின் வானிலையை நன்றாக விசாரித்துவிட்டு மறுநாள் வரச் சொன்னார். விற்பனை கையில் இருக்கும்போது மறுநாள் வா என்று சொல்லும் கடைக்காரரை நான் அதிகம் பார்த்ததில்லை. நான்தான் அவசரப்பட்டு அன்றே வாங்கினேன். அவர் சொன்னபடி செய்திருந்தால் இந்த மதிப்பீட்டில் பாதி எழுதத் தேவைப்பட்டிருக்காது.

எது கம்பளி, எது கம்பளி போலத் தோன்றும் செயற்கை இழை என்று கண்டுபிடிப்பதில் இந்தக் கடைக்கு ஈடு இல்லை. சட்டையின் உள்தையலில் உள்ள சீட்டு பெரும்பாலும் ஜப்பானிய எழுத்தில் இருக்கும். அக்கா அந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்துக் காப்பிக் கடை அங்கிளிடம் காட்டினார். ஜப்பானியர்கள் கம்பளியைக் குறிக்கச் சீன எழுத்தையே பயன்படுத்துவதால் அவர் அதைப் பார்த்ததும் 'மாவ்' என்று படித்தார்; சீன மொழியில் உரோமம் என்று பொருள். அந்த எழுத்துக்கு அருகில் 100 என்று இருந்தால் அது முழுக் கம்பளி. மூன்று சட்டைகளில் இரண்டு இவ்வாறு உறுதியாயின. மூன்றாவது கொரிய எழுத்தில் இருந்ததால் அங்கிளுக்குப் படிக்கத் தெரியவில்லை. உடனே அக்கா உள்தையலிலிருந்து ஒரு நூலை இழுத்து, தீக்குச்சியில் காட்டினார். கம்பளியானால் முடி பொசுங்கும் நாற்றம் வரும், நெருப்பை எடுத்ததும் அணைந்துவிடும், கரி விரலில் நசுங்கிப் பொடியாகும். செயற்கை இழையானால் உருகிக் கெட்டியான மணியாகிவிடும். அந்த நூல் முடியாகப் பொசுங்கியது. பத்து ரிங்கிட் சட்டைக்கு இவ்வளவு பாடுபட்டுச் சோதித்துக் கொடுத்த அவருடைய பொறுப்புக்காகவே இந்தக் கடையை நான் பரிந்துரைக்கத் தயங்க மாட்டேன்.

இனி உடைகள் பெர்கனில் எப்படி உழைத்தன என்பதற்கு வருகிறேன்.

பெர்கன், நார்வேயின் மேற்குக் கடற்கரையில் ஏழு மலைகளுக்கு நடுவே இருக்கும் ஊர். அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அந்த மலைகளில் மோதி மழையாக இறங்குகிறது. ஆண்டில் 200 நாள்களுக்கும் மேல் மழையோ பனியோ விழும். 2006 இறுதியிலிருந்து 2007 ஜனவரி வரை தொடர்ந்து 80-க்கும் மேற்பட்ட நாள்கள் மழை பெய்ததை அங்குள்ளவர்கள் இன்னமும் பேசுகிறார்கள். அதே கடல்தான் ஊரைக் கடுங்குளிரிலிருந்தும் காக்கிறது. நடுக்குளிர் காலத்திலும் வெப்பநிலை பெரும்பாலும் உறைநிலைக்குச் சற்று மேலேதான் நிற்கும். நம் ஊரில் அடைமழை ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு வெயிலைத் திருப்பித் தரும். பெர்கன் மழை அப்படியன்று. மெல்லிய தூறலாகத் தொடங்கி, காற்றோடு பக்கவாட்டில் வீசி, நாள் முழுவதும் நிற்காது. குடை பிடித்தால் காற்று அதை மடக்கிவிடும்.

இந்த ஊருக்குத்தான் நான் இறகுத் தூவி ஜாக்கெட்டைப் பெருமையோடு கொண்டுபோனேன். வாத்தின் மார்புப் பகுதியில் உள்ள மென்மையான தூவி காற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் அது சூடு தருகிறது. அன்னத் தூவி நிரப்பிய அணையைப் பாடிய நம் பழம்புலவர்களுக்கு அதன் இதம் தெரிந்திருந்தது. ஆனால், தூவி நனைந்தால் கட்டியாகச் சுருண்டு ஒட்டிக்கொள்ளும், காற்று தங்க இடம் இருக்காது. அக்டோபர் நடுவில் ஒரு நாள், டிராம் நிலையத்திலிருந்து வகுப்புக்கு நடந்த இருபது நிமிடத்தில் ஜாக்கெட் ஊறிப்போய்க் கனத்தது. பழைய ஜாக்கெட்டின் மேல்துணியில் இருந்த நீர்விலக்குப் பூச்சு எப்போதோ தேய்ந்துவிட்டிருந்ததைக் கடையின் மங்கல் வெளிச்சத்தில் என்னால் அறிய முடியவில்லை. அறையின் சூடேற்றியருகே இரண்டு நாள் காய வைத்தும் உள்ளே கட்டிகள் முழுதாகக் கலையவில்லை. கடையிலேயே இதைச் சோதித்திருக்கலாம்: மேல்துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது முத்தாக உருண்டோடுகிறதா, உறிஞ்சிக்கொள்கிறதா என்று பார்த்தால் போதும்.

அந்த ஜாக்கெட் மோசமான பொருள் என்றும் சொல்லிவிட முடியாது. நவம்பர் இறுதியில் பெர்கனிலிருந்து ஓஸ்லோவுக்கு இரயிலில் சென்றேன். 1909-இல் திறக்கப்பட்ட அந்தப் பாதை மலைமேடுகளின் மீது ஏறி, கடல்மட்டத்திலிருந்து 1,222 மீட்டர் உயரத்தில் உள்ள ஃபின்சே நிலையத்தைக் கடந்து செல்கிறது. இரயில் அங்கே நின்ற சில நிமிடங்களில் எல்லாரோடும் நானும் இறங்கினேன். சுற்றிலும் வெண்பனி, மூச்சு உள்ளே போகும்போதே மூக்கு விறைத்தது, ஆனால் காற்றில் ஈரம் இல்லை. அதே நாற்பது ரிங்கிட் ஜாக்கெட் அங்கே என் உடம்பை அடுப்பங்கரை போலக் காத்தது. ஓஸ்லோவில் இருந்த மூன்று நாளும் அப்படித்தான். ஆகவே ஓஸ்லோ, சுவீடனின் உப்சாலா போன்ற உலர்குளிர் ஊர்களுக்குப் போகிறவர்கள் மாடிப்படிக்குக் கீழே தொங்கும் தூவி ஜாக்கெட்டுகளைத் தாராளமாக வாங்கலாம். பெர்கன் போன்ற ஈரக்குளிர் ஊருக்கும், மழையும் காற்றும் சேர்ந்தடிக்கும் டென்மார்க் கடலோர ஊர்களுக்கும் போகிறவர்கள் அந்தப் பணத்தைக் கம்பளியில் போட வேண்டும். அக்கா கேட்ட கேள்வியின் முழுப் பொருளும் எனக்கு ஃபின்சே நிலையத்தில்தான் விளங்கியது.

பெட்டியில் கடைசியாகத் திணித்த கம்பளிச் சட்டைகளைப் பற்றி எவ்வளவு நல்லது சொன்னாலும் தகும். கம்பளி இழை தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஈரத்தை உறிஞ்சிக்கொண்ட பிறகும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது, சூட்டையும் இழக்காது. பருத்தி இதற்கு நேர்மாறு. நனைந்த பருத்தி பனியன் உடம்பின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நான் கொண்டுபோன பத்துப் பருத்திச் சட்டைகளை நவம்பருக்குப் பிறகு தொடவே இல்லை. மூன்று கம்பளிச் சட்டைகளையே மாற்றி மாற்றி அணிந்தேன். வியர்வை நாற்றம் எளிதில் பற்றாததால் வாரத்துக்கு ஒரு முறை துவைத்தாலே போதும். ஒரு சட்டையை மட்டும், வெந்நீர்த் துவைப்பில் தெரியாமல் போட்டு, ஏழு வயதுப் பிள்ளைக்குரிய அளவுக்குச் சுருக்கிவிட்டேன். கம்பளியைக் குளிர்ந்த நீரிலோ, இயந்திரத்தில் கம்பளிக்குரிய அமைப்பிலோதான் துவைக்க வேண்டும். பாச்சை உருண்டை நெடி போக, ஊரிலேயே நிழலில் நான்கு நாள் காற்றாடப் போட்டதும் நல்லதாயிற்று.

கம்பளி மேலங்கி நல்ல நிலையில் இருந்தது, பொத்தான் ஒன்றுகூடக் கழன்றிருக்கவில்லை. ஆனால் மாணவ வாழ்க்கைக்கு அது அத்தனை தேவைப்படவில்லை. அங்கே வகுப்பறை, நூலகம், மாணவர் விடுதி எல்லாம் சூடேற்றப்பட்டவை. உள்ளே நுழைந்ததும் மேலுடையைக் கழற்றி மாட்ட வேண்டும். எளிதில் கழற்றி எளிதில் மாட்டக்கூடிய அடுக்குகளே வசதி. கையுறை, தொப்பி, கழுத்துத் துண்டு மூன்றும் 12 ரிங்கிட்டுக்குக் கிடைத்தவை; குறை சொல்ல ஒன்றும் இல்லை.

காலணி பற்றி வருத்தத்தோடு எழுதுகிறேன். 25 ரிங்கிட்டுக்கு வாங்கிய மலையேற்றக் காலணி பார்வைக்குப் புதிதுபோல இருந்தது. செப்டம்பர் இரண்டாம் வாரம், மலைப்பாதை ஒன்றில் நடந்துகொண்டிருந்தபோது வலது காலணியின் அடிப்பகுதி ரொட்டித் துண்டு போல உதிரத் தொடங்கியது; இறங்கி வருவதற்குள் இடது காலணியும் வாய் திறந்துவிட்டது. தோழி ஒருத்தி தன் தலைமுடிப் பட்டைகளைக் கொடுத்துக் கட்டச் சொன்னதால்தான் விடுதி வந்து சேர்ந்தேன். இதன் காரணத்தைப் பிறகு தெரிந்துகொண்டேன். இத்தகைய காலணிகளின் நடு அடுக்கு பாலியூரித்தேன் என்னும் பொருளால் ஆனது. காற்றிலுள்ள ஈரம் அதன் வேதிப்பிணைப்பை மெல்லச் சிதைக்கிறது. வெப்பமும் ஈரமும் சேர்ந்த நம் நாட்டில் அந்தச் சிதைவு இன்னும் விரைவாக நடக்கும். காலணியை யாரும் அணியாவிட்டாலும், பெட்டியில் வைத்திருந்தாலே போதும், அது உள்ளுக்குள் இற்றுப்போகும். பழைய மழை அங்கிகளின் உட்பூச்சு பிசுபிசுத்துச் செதிலாக உரிவதும் இதனால்தான். ஆகவே இந்தக் கடையில் என்றில்லை, எந்தப் பண்டல் கடையிலும் பழைய காலணியும் பழைய மழை அங்கியும் வாங்காதீர்கள் என்று அழுத்தமாகச் சொல்வேன். திரும்பி வந்ததும் அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். விற்ற பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கும் கடை அது. நானும் பணம் கேட்கவில்லை. ஆனால் அவர் அந்த வகைக் காலணிகளை எல்லாம் எடுத்து அடிப்பகுதியை விரலால் அழுத்திப் பார்த்து, இறுகி வெடித்திருந்தவற்றைத் தனியே ஒதுக்கினார்.

காலணி உடைந்த வாரம்தான் ஒரு நல்ல அறிவுரையும் கிடைத்தது. மாணவர் விடுதி இருக்கும் ஃபான்டாஃப்டுக்கு டிராமில் போய்க்கொண்டிருந்தபோது, கைப்பேசியில் அம்மாவிடம் தமிழில் பேசுவதைக் கேட்டு ஒரு பெரியவர் அருகில் வந்து அமர்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். மக்கள் உயர்பள்ளி (தேர்வு இல்லாத விடுதிக் கல்விக்கூடம்) ஒன்றில் இடம் கிடைத்து 1980-களில் நார்வேக்கு வந்தவர். பிறகு வடகோடியில் உள்ள ஃபின்மார்க் பகுதியின் மீன் ஆலையில், அங்கே வேலைக்குப் போன எத்தனையோ ஈழத்தமிழர்களைப் போல, பல ஆண்டுகள் உழைத்தவர். என் செருப்பையும் ஊறிய காலுறையையும் பார்த்துவிட்டு, "தம்பி, உள்ளுக்குக் கம்பளி, வெளியில ரப்பர். இடையில நீர் என்ன போட்டாலும் பரவாயில்லை" என்றார். அத்துடன், இரட்சணிய சேனை என்னும் கிறித்தவத் தொண்டு அமைப்பினர் நடத்தும் ஃபிரெடெக்ஸ் என்னும் பழைய பொருள் கடைக்குப் போகும் வழியையும் சொல்லிக் கொடுத்தார். அங்கே மழைக் கால்சட்டை ஒன்றும், பூச்சு நன்றாக இருந்த மழை ஜாக்கெட் ஒன்றும் கிடைத்தன. குளிர்ந்த நாட்டில் இருந்த பழைய மழை உடைகள் நம் ஊர்ப் புழுக்கத்தில் கிடந்தவற்றைவிட நன்றாக இருந்தன.

முழங்காலுக்குக் கீழ்வரை வரும் ரப்பர் காலணியை மட்டும் புதிதாக வாங்கினேன். 350 நார்வே குரோன், நம் பணத்தில் ஏறத்தாழ 140 ரிங்கிட், அதாவது பண்டல் கடையில் வாங்கிய எல்லாப் பொருள்களின் மொத்த விலைக்கும் ஏறக்குறைய ஈடு. பணத்தைக் கட்டும்போது கை நடுங்கியது உண்மை. இயற்கை ரப்பரால் ஆனது என்று பெட்டியின் மேல் எழுதியிருந்ததை அம்மாவிடம் சொன்னபோது, அவர் வேறொன்றும் கேட்கவில்லை, "கால் ஈரமில்லாம இருக்கா?" என்று மட்டும் கேட்டார். டிசம்பர் கடைசித் தேர்வு வரை கால் ஈரமாகவே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அதை இங்கே எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை. டிசம்பர் நடுவில் பெர்கனில் பகல் ஆறு மணி நேரத்துக்கும் குறைவு. பிற்பகல் மூன்றரை மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். வாகன வெளிச்சத்தில் மின்னும் பிரதிபலிப்புத் துண்டுகளைக் குழந்தைகள் முதல் முதியவர்கள் வரை மேலுடையில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கிறார்கள். பண்டல் கடையில் கிடைக்கும் மேலங்கிகள் பெரும்பாலும் கறுப்பு அல்லது கருநீலம் என்பதால், அத்துண்டு ஒன்றை மாட்டாமல் இருட்டில் சாலையைக் கடப்பது ஆபத்து. பெர்கனில் அது மலிவாகவே கிடைக்கிறது.

மொத்தத்தில், பண்டல் கடைக்குக் கொடுத்த 142 ரிங்கிட்டில் காலணிக்குக் கொடுத்த 25 ரிங்கிட் மட்டுமே வீண். கம்பளிச் சட்டைகளுக்காகவும், பொறுமையோடு நூலை எரித்துக் காட்டும் அக்காவுக்காகவும் ஈப்போவிலிருந்துகூட வரலாம். வந்தால் கைவிளக்கு ஒன்றும், சிறு தண்ணீர்ப் புட்டி ஒன்றும் கொண்டுவாருங்கள். கம்பளி உள்ளாடை இங்கே கிடைக்காது. அதைப் பழையதாக வாங்கவும் முடியாது. அதற்கென்று தனியாகப் பணம் ஒதுக்கிவைத்து அங்கே போய் வாங்குங்கள். ஆகஸ்டில் அங்கே கடுங்குளிர் இருக்காது என்பதால் அவசரப்படத் தேவையில்லை.

சென்ற வாரம் அந்தக் கம்பளி மேலங்கியையும் தூவி ஜாக்கெட்டையும் துவைத்துக் காயவைத்து, அக்காவிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டுக்குமாக 30 ரிங்கிட் எடுத்து நீட்டினார், வாங்கிக்கொள்ளவில்லை. ஜாக்கெட்டின் மேல், மழை ஊருக்கு ஆகாது என்று ஒரு சீட்டில் தமிழிலும் மலாயிலும் எழுதிக் குத்தியிருக்கிறார். மேலங்கி நடுத்தர அளவு, என்னைவிடச் சற்று உயரமானவருக்கும் சரியாக இருக்கும். அதன் வலது பையில் என் பிரதிபலிப்புத் துண்டை வைத்திருக்கிறேன். எடுப்பவர் அதையும் சேர்த்தே கொண்டுபோகலாம்.